பின்மூலைக் குழாய்

அத்தியாயம் பதினான்கு

இத்தனை வாரம் கூடவே வந்தவர்களுக்கு அக்காவின் தையல் அறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் பெரியவன், டைல்ஸ் ஒட்டுகிறவன். இந்தப் பக்கம் சின்னவன், வயரிங் வேலை பார்க்கிறவன். அப்பாவின் கடைசி நாளில் யார் பக்கத்தில் இருந்தது, யார் இல்லை என்று ஒரு பேச்சு வந்து, அது முற்றி, இரண்டு வருஷமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. சுவர் தொடங்குகிற இடத்தில், வாசலை ஒட்டி, அக்காவின் அறை. அதற்கு இரண்டு கதவு. ஒன்று பெரியவன் பக்கம் திறக்கும், மற்றது சின்னவன் பக்கம்.

கல்யாணம் கூடி வராமலே நாற்பத்தெட்டு வயதாகிவிட்ட அக்காவுக்குத் தைப்பது பாதி வேலை. தூது போவது மீதி வேலை.

"அந்தத் தடிமாட்டுகிட்ட சொல்லு, விடியுறதுக்கு முன்னாடி மோட்டாரப் போட்டு உயிர வாங்க வேணாம்னு" என்பான் பெரியவன்.

அக்கா மற்றக் கதவைத் திறந்துகொண்டு போய், "தம்பி, அண்ணனுக்குத் தூக்கம் சரியில்லையாம். மோட்டார ஆறு மணிக்கு மேல போட முடியுமான்னு கேக்கிறான்" என்பாள்.

"கேக்கிறானா? அவனா?"

"அவனேதான்."

சின்னவன் முணுமுணுத்துக்கொண்டே ஆறரைக்குப் போடுவான். பெரியவன், "பரவால்லையே, புத்தி வந்துடுச்சே" என்பான். அதை அக்கா, "அண்ணன் ரொம்ப சந்தோஷப்பட்டான்" என்று கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் மனதில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. என்றைக்காவது ஒருநாள் இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிவிட மாட்டார்களா என்கிற ஒரே ஆசைதான்.

மூன்று மாதம் முன்னால் ஒருநாள் சின்னவன் கொதித்துக்கொண்டு வந்தான். வீட்டின் பின்மூலையில் அப்பா காலத்துக் குழாய் ஒன்று இருக்கிறது. வாய் பெரியவன் பக்கத்துக் கொல்லை முற்றத்தில். மண்ணுக்கடியில் சுவரைத் தாண்டி, சின்னவன் பக்கத்துத் தொட்டி வழியாகத் தெருக் கால்வாயில் போய் விழும். கொல்லையின் மழைத்தண்ணீர் முழுக்க அது வழியாகத்தான் போயாக வேண்டும்.

"நாத்தம் குடலப் பிடுங்குது. எலி வேற. நான் அத அடைக்கப் போறேன். அவன் வீட்டுத் தண்ணிக்கு அவனே வேற வழி பாத்துக்கட்டும். ரெண்டு நாள் டைம். சொல்லிடு."

அக்கா பெரியவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே பெரியவன் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பதினோரு வருஷம் கழித்து அவன் மனைவிக்குக் குழந்தை தங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்ததால் அவளுக்கு எல்லாருக்கும் டீச்சர் என்றே பெயர். டீச்சர் அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் போய்க் குழாய், எலி, நாற்றம் என்று எப்படிப் பேசுவது? நாளைக்குச் சொல்லலாம் என்று அக்கா திரும்பிவிட்டாள்.

நாளையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சின்னவன், "சொன்னியா?" என்றான்.

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சரின்னான்."

அன்று மாலையே சின்னவன் தன் பக்கத்துத் தொட்டிக்குள் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, குழாயை அடைத்துவிட்டான்.

போன வாரம் பெரியவன் தன் முற்றத்தை டைல்ஸால் மூடினான். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சியதை எல்லாம் சேர்த்து வைத்திருந்தான், ஒரு டைல் போல மறு டைல் இல்லை. மழைக்காலத்தில் டீச்சர் சேற்றில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு. மட்டம் பார்க்கிற டியூபின் ஒரு முனையை அக்கா கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, நாலடிக்கு ஓர் அங்குலம் என்று பின்மூலைக்குச் சரிவு கொடுத்தான். முடித்துவிட்டு இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். தண்ணீர் சரசரவென்று ஓடிக் குழாயில் இறங்கிற்று.

"பாத்தியா அக்கா? மழ கொட்டட்டும். பத்து நிமிஷத்துல முத்தம் காஞ்சிடும்."

அடைத்த குழாய்க்கு இரண்டு பக்கெட்டை வயிற்றில் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போதாவது அந்த வாயைத் திறந்திருக்கக் கூடாதா? மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் சின்னவனிடம் நயமாகப் பேசித் திறக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

மழை மூன்று வாரம் முன்னதாக வந்தது. வந்த நாள்தான் இன்றைக்கு.

விடிகாலையில் பிடித்தது. ஒன்பது மணிக்கு மாடித் தண்ணீர் மேலிருந்து இறங்கும் இரண்டு குழாயிலும் பெரியவன் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவன் வேலைக்குப் போயிருந்தான். சின்னவனும் அவன் மனைவியும் அவரவர் வேலைக்கு. அக்கா ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். தண்ணி போகவே மாட்டேங்குது."

அக்கா போய்ப் பார்த்தாள். முற்றம் குளமாகியிருந்தது. கொல்லைக் கதவுக்கு மூன்று படி. முதல் படியைக் காணோம்.

"இவரு பாத்துப் பாத்து சரிவு குடுத்தாரே. குழாயில இலை கிலை அடைச்சிருக்குமோ?" டீச்சர் ஆறுமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நீ எட்டிப் பாக்காத. உள்ள போய்ப் படு. நான் அடைப்பு எடுத்துவிடறேன்."

"நீங்க எப்படி? சின்னத் தம்பிக்குப் போன் போடட்டுமா? இவர் கோவிச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன்."

"வேணாம் வேணாம்!" அக்காவின் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "வேலையில இருப்பான். இதுக்குப் போயா கூப்பிடறது?"

ஒரு போன் போதும். சின்னவன் வண்டியில் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவான். ஆனால் வந்ததும் என்ன கேட்பான்? அண்ணன்தான் சரின்னானே, வேற வழி பண்ணலையா என்று கேட்பான். அப்புறம் பெரியவன் கேட்பான். நூலைப் பிடித்து இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று அக்காவுக்குத் தெரியும். தானே உடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாள்.

சாக்கில் மண் ஆறு மூட்டை கட்டி வாசல் ஓரம் வைத்திருந்தான் பெரியவன், தெருத் தண்ணீர் ஏறினால் போடுவதற்கு. அதில் இரண்டை இழுத்துவந்து கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போட்டாள். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் அறை வழியாகச் சின்னவன் பக்கம் போனாள்.

தொட்டியின் மூடி கனமான பலகைக்கல். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி நகர்த்துவதற்குள் உள்ளங்கை பிய்ந்துவிட்டது. உள்ளே குழாயின் முனையில் சின்னவன் பூசிய பூச்சு சப்பாத்திக்கல் போல வழவழவென்று இருந்தது. இவன் வயர் வேலைக்குப் போகாமல் கொத்து வேலைக்கே போயிருக்கலாம், அவ்வளவு கெட்டி. மழையில் நனைந்துகொண்டே குனிந்து குத்தினாள். சில்லு சில்லாகப் பெயர்ந்ததே தவிர செங்கல் அசையவில்லை. இருபது குத்து, முப்பது குத்து. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் ஏதோ கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சும்மா! இதோ!" என்று கத்தினாள் அக்கா.

ஆகவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். அதற்குள் அந்தப் பக்கம் தண்ணீர் மூன்றாம் படியை ஏறி, சாக்குக்கு இடையில் புகுந்து, சமையலறைக்குள் வந்துவிட்டது. கீழ் அலமாரியில் டீச்சர் பழைய சேலைகளைக் கிழித்துக் குழந்தைக்கென்று மடித்து வைத்த துணிகள். அவை நனைந்துவிடும் என்று எடுக்கக் குனிந்தாள். தரையும் பெரியவன் ஒட்டிய டைல்ஸ்தான், பளபளவென்று.

விழுந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அதுதான் அவளைப் பதறி ஓட வைத்தது.

மழையால் வேலை நின்று பெரியவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அதே நேரம். மனைவி தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தான். தெருமுனையில் முழங்கால் தண்ணீர், வண்டி எதுவும் உள்ளே வராது. அவன் என்ன செய்தான் தெரியுமா? கொல்லைக்கு ஓடிச் சுவர்மேல் இரண்டு கையாலும் அறைந்தான்.

"டேய்! தம்பி! டேய் இருக்கியாடா?"

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. சின்னவன் அப்போதுதான் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நனைந்து நடந்து வந்திருந்தான். சுவர் ஏறிக் குதித்தான்.

"அண்ணே, நாற்காலி கொண்டா! கை வெச்ச நாற்காலி!"

டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தூக்கிக்கொண்டார்கள். அக்கா குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"பள்ளம் இருக்குடா, இடது பக்கம் வா."

"நீ முன்ன பாத்து நட அண்ணே, நான் பிடிச்சிருக்கேன்."

"தூக்குடா, தூக்கு, கால்ல தண்ணி படுது அவளுக்கு."

"அழாதண்ணே. ஒண்ணும் ஆகாது. நீ அழாத."

எத்தனை நாள் அக்கா இதற்காக ஏங்கியிருப்பாள்! அண்ணே என்றும் டேய் என்றும் அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்லக் கேட்டு, குடைக்குள்ளே அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டீச்சரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நீளமான பெஞ்சு. அண்ணனும் தம்பியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். மூன்று பேரிடமிருந்தும் தண்ணீர் சொட்டி, துடைக்கிற அம்மாள் இரண்டு தடவை வந்து திட்டிவிட்டுப் போனாள்.

பெரியவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கடா தப்பு பண்ணேன்? நாலடிக்கு ஒரு அங்குலம் சரிவு. எத்தன பேர் வீட்டுல போட்டிருக்கேன், ஒரு வீட்டுல நின்னதில்ல. தண்ணி ஊத்திப் பாத்தேன்டா, சரசரன்னு போச்சு."

"எங்க போச்சு?"

"பின்மூலைக் குழாய்க்குத்தான்."

சின்னவன் தலையைத் தூக்கினான். "அது எப்படிப் போகும்? அதத்தான் அடைச்சாச்சே."

"அடைச்சாச்சா? யாரு அடைச்சா?"

"நான்தான். மூணு மாசமாச்சு. உங்கிட்ட சொல்லிட்டுத்தானே அடைச்சேன். நீ சரின்னியே."

"எங்கிட்டயா? யாருடா சொன்னா எங்கிட்ட?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. சேர்ந்தாற்போல் திரும்பி எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

"அக்கா" என்றான் சின்னவன். "நீ சொன்னேன்னியே."

"அன்னைக்குத்தான்டா குழந்தை சேதி வந்துச்சு. இவன் அழுதுக்கிட்டு இருந்தான். எப்படிடா சொல்றது? அடுத்த நாள் சொல்லலாம்னு..."

"மட்டம் பாக்கும்போது டியூபப் பிடிச்சுக்கிட்டு நின்னியே" என்றான் பெரியவன். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "எங்கூட நின்னியே அக்கா. அப்பவும் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"இன்னைக்குக் காலைலயும் தெரியுமா? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல வந்து உடைச்சிருப்பேன்" என்றான் சின்னவன்.

"நானே உடைச்சிடலாம்னு பாத்தேன்." அக்கா பிய்ந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். என்ன பைத்தியக்காரத்தனம், அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

சின்னவன் வேறு ஏதோ ஞாபகம் வந்தவனாகக் கேட்டான்: "எனக்கு டைபாய்டு வந்தப்ப அண்ணன் தினம் விசாரிக்கிறான்னு சொன்னியே. அது?"

அக்கா விரித்த கையை மூடிக்கொண்டாள்.

"அப்பா வாட்ச நானே வெச்சுக்கலாம்னு தம்பி சொல்லி அனுப்பினான்னியே, அதுவுமா?" என்றான் பெரியவன்.

அக்கா மறுபடி தலையாட்டினாள். அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி அண்ணனைப் பார்த்தான். இரண்டு வருஷமாகத் தங்களுக்குள் கொஞ்சம் பாசம் மிச்சமிருக்கிறது என்று இருவரும் நம்பியிருந்தார்களே, அது அத்தனையும் இந்த ஒருத்தி தானாகத் தைத்துக் கொடுத்தது என்று தெரிந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குப் பயமில்ல" என்றார்.

அதோடு நிறுத்திவிட்டார். பெரியவன் அடுத்த வார்த்தைக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டாக்டரம்மா அவன் தோளைத் தொட்டு, "எங்களால முடிஞ்சதப் பாத்தோம்" என்றார்.

பெரியவன் பெஞ்சில் சரிந்து, தம்பியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். சின்னவன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதான். அக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள். இருவரில் ஒருவராவது நிமிர்ந்து பார்த்திருந்தால் இன்னொரு அடி வைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "கண்ணு முழிச்சிட்டாங்க. குழந்தை குழந்தைன்னு கேக்கிறாங்க. நாங்க சொல்றத விட வீட்டு ஆளுங்க யாராவது வந்து சொன்னா நல்லது. ஒருத்தர் மட்டும்."

பெரியவன் எழுந்தான். இரண்டு அடி நடந்தவன் நின்றுவிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்து, அக்காவின் பக்கம் பார்க்காமலே, "டேய், அவகிட்ட சொல்லு" என்றான்.

"என்னண்ணே?"

"இத்தன நாளா எல்லாச் சேதியையும் அவதானே கொண்டு போனா. இதையும் அவளே கொண்டு போகட்டும்."

"அண்ணே, வேணாம்ணே. நான் போறேன்."

"சொல்லுடா!"

நாலடி தூரத்தில் நிற்கிறாள் அக்கா. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தாயிற்று. ஆனாலும் சின்னவன் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன நாளா எல்லாச் சேதியையும் நீதானே கொண்டு போன, இதையும் நீயே கொண்டு போவியாம்" என்றான். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஒன்றைக்கூட விடவில்லை.

அக்கா ஈர முந்தானையைப் பிழிந்து உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

டீச்சர் ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் அந்த வெளுத்த முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா. யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க வந்தா நல்ல சேதியாத்தான் இருக்கும்."

அக்காவின் வாயில் எத்தனையோ வந்து நின்றது. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காங்க. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க. நீ மொதல்ல தூங்கி எந்திரி, அப்புறம் பேசலாம். ஒவ்வொன்றும் பதமாக, பக்குவமாக, எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தது. இதில் ஒன்றைச் சொல்லிவிட்டால் டீச்சர் இன்றைக்கு ஒருநாள் நிம்மதியாகத் தூங்குவாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து டீச்சரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குழந்தை இல்லம்மா. போயிடுச்சு."

டீச்சர் அழவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதையும் சொல்வாள் என்று காத்திருப்பவள் மாதிரி. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மழை விட்டிருந்தது. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அதை அக்கா துடைத்துவிட்டாள். மறுபடி இறங்கிற்று, மறுபடி துடைத்தாள். வெளியே பெஞ்சில் அண்ணனும் தம்பியும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து டீச்சர் திரும்பினாள். கையை உருவிக்கொள்ளவில்லை.

"அவரு அவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டாரே" என்றாள். "தண்ணி ஏன்க்கா போகல?"